உழவு இயந்திரத்தில் ஓடும் பழைய வட்டவாள்: வளவுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவின் பின்பக்கம், ஓலைக் கொட்டிலுக்குக் கீழே மரம் அரியும் 42 அங்குல வட்டவாள் ஒன்று ஓடுகிறது. பெரியப்பாவின் மரக்காலையில் இருந்தது. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போனபோது அவரும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்த பிறகும் அதைத் தொடவில்லை. நான் கை வைத்தபோது இரும்புச் சட்டத்துக்கு நடுவால் ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. கடைசியில் அந்த வேம்பைத்தான் முதல் மரமாக அரிந்தோம்.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் ஓட்டுகிறேன். மரத்தோடு வருபவர்களும் வேடிக்கை பார்க்க வருபவர்களும், தங்கள் வளவில் இப்படி ஒன்று கிடக்கிறது என்று சொல்லி வருபவர்களும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள். மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திச் சொல்வதை விட எழுதி வைப்பது சுகம்.

இது எப்படி வேலை செய்கிறது? பெல்ட் ஏன் குறுக்காகக் கிடக்கிறது?

உழவு இயந்திரத்தின் பின்னால் ஒரு சிறு தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான் பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. அது ஓர் இடைத்தண்டைச் சுற்றுகிறது. இடைத்தண்டில் உள்ள 26 அங்குலக் கப்பியிலிருந்து ஒரு தட்டைப் பெல்ட் வாள்தண்டின் 20 அங்குலக் கப்பிக்குப் போகிறது. வாள் நின்ற இடத்திலேயே நின்று சுற்றும். மரம்தான் வண்டிலில் ஏறித் தண்டவாளத்தில் வாளை நோக்கி வரும்.

பெல்ட் எட்டுப் போலக் குறுக்கே கிடப்பதற்குக் காரணம் இரண்டு. பின்னால் நின்று பார்த்தால் பி.ரி.ஓ. மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்றும். எங்கள் வாள் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் மரத்தைச் சந்திக்கும் பல் மேலிருந்து கீழே இறங்கும். பெல்ட்டைக் குறுக்கே போட்டால் சுற்று மாறிவிடும். கூடவே கப்பியை அது அதிகமாகச் சுற்றிப் பிடிப்பதால் வழுக்குவதும் குறையும். ஆனால் கப்பிகளுக்கு இடையில் தூரம் வேண்டும். எங்களுடையது 15 அடி.

வளவில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ற் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். சட்டத்தை மினுக்கி, பச்சை பெயின்ற் அடித்து, படமும் எடுத்துப் போட்ட பிறகு வாள் ஓடவில்லை என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் துருப்பிடித்திருந்தாலும் மரம் அரியும். வாளும் வாள்தண்டும் பிழையாக இருந்தால் எந்தப் பெயின்ற்றும் காப்பாற்றாது.

வாளைக் கழற்றி ஒரு கயிற்றில் தூக்கிவிட்டு, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் நல்ல சகுனம். ஓட்டைப் பானை போல ஒலித்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. வெடிப்பு அநேகமாகப் பல்லிடுக்கின் அடியில்தான் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி உண்டு. மண்ணெண்ணெய் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் ஊறி வெளியே வரும்போது வெள்ளையில் ஒரு கோடு தெரியும். வெடிப்பின் நுனியில் துளை போட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வெடித்த வாள் சுவரில் தொங்கத்தான் சரி.

மேல்துருவை டீசல் பூசிச் சுரண்டி எடுங்கள். கிறைண்டர் வைக்க வேண்டாம். ஓரிடத்தில் சூடேறினாலே வாளின் விறைப்பு மாறிவிடும். அந்த விறைப்பு எப்படி வருகிறது என்று கீழே சொல்கிறேன்.

வாள் நேராகத்தான் இருக்கிறது. பூட்டினால் ஆடுகிறதே?

அப்படியானால் வாளில் குற்றமில்லை, வாளைப் பிடிக்கும் தட்டில் இருக்கலாம். வாள்தண்டில் ஒரு நிலைத்தட்டும் ஒரு கழற்றுதட்டும் இருக்கும். வாள் அவற்றுக்கு நடுவில் இறுகும். எங்கள் தட்டின் விட்டம் 6 அங்குலம், அதாவது மையத்திலிருந்து 3 அங்குலம். வாளின் விளிம்போ மையத்திலிருந்து 21 அங்குலம். ஆகவே தட்டில் இருக்கும் பிழை விளிம்பில் ஏழு மடங்காகும். தட்டில் அங்குலத்தின் ஆயிரத்தில் 2 பங்கு என்பது கண்ணுக்கே தெரியாது. அதுவே விளிம்பில் ஆயிரத்தில் 14 ஆகி நன்றாகத் தெரியும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். தட்டின் முகத்தைச் சீவித் தரச் சொல்லி ஒரு கடைச்சல் பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் தட்டைத் தண்டிலிருந்து கழற்றித் தனியாகக் கடைந்து தந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது, பூட்டினால் முன்னதை விட மோசம். தட்டு தண்டோடு இருக்கும்போது, தண்டு தன் மையத்தில் சுற்றும்போதுதான் கடைய வேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்வித்தேன். முகத்தைச் சற்றே குழிவாக விடச் சொல்லுங்கள். தட்டு தன் வெளி விளிம்பால் வாளைக் கவ்வ வேண்டும், நடுவால் அல்ல.

நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாவிட்டால் ஒரு ஆணியைக் கட்டையில் அடித்து, அதன் நுனியைத் தட்டுக்கு மிக அருகில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைவது தெரியும். பூட்டும் முன் தட்டையும் வாளையும் துடையுங்கள். நடுவில் ஒரு மரத்தூள் துணுக்கு மாட்டினாலும் அதே ஏழு மடங்குக் கணக்குத்தான்.

எந்த உழவு இயந்திரம் வேண்டும்? லாண்ட்மாஸ்டர் போதாதா?

லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் விறகு வெட்டும் சின்ன வாளை ஓட்டலாம். 42 அங்குல வாளால் ஒரு முழு மரத்தை நீளத்துக்கு அரிய அது தாங்காது.

எங்களிடம் இருப்பது மசி பெர்குசன் 135. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின், கிட்டத்தட்ட 45 குதிரைவலு. 1964இல் அறிமுகமான மொடல், இன்றைக்கும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. அதே அளவில் 240 என்ற மொடலும் நன்றாக ஓடும். மொடலை விட முக்கியம், எஞ்சின் வேகத்தை இறங்காமல் பிடிக்கும் கவர்னர். வாள் மரத்துக்குள் போனதும் எஞ்சின் ஒரு நொடி முனகிவிட்டு உடனே டீசலை எடுத்து வேகத்தைப் பிடிக்க வேண்டும். முனகிக்கொண்டே இறங்கிப் போகும் மெசினால் எத்தனை குதிரைவலு இருந்தும் பயனில்லை. கவர்னரையும் டீசல் பம்பையும் முதலில் பார்ப்பியுங்கள்.

இன்னொன்று. நின்ற இடத்தில் நாள் முழுக்க ஓடும் எஞ்சினுக்கு மரத்தூள்தான் எமன். றேடியேற்றரின் முன் நுளம்புவலைக் கம்பி ஒன்றைக் கட்டி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டிவிடுங்கள். 135இன் காற்றுவடி ஒயில் குளிக்கும் வகை. வாள் ஓடும் நாள் முடிய அதைக் கழற்றினால் அடியில் சேறு இருக்கும். மெசினைக் காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கொட்டிலின் தூள் முழுக்க வடகிழக்கு மூலைக்குப் போகும், மெசின் தென்மேற்கில் நிற்கும். வாடைக்காற்று மாதங்களில் மழையும் சேர்ந்து வருவதால் எப்படியும் குறைவாகத்தான் ஓட்டுகிறோம்.

எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும்?

பெரும்பாலானவர்கள் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி இது. ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கிறது.

வட்டவாள் என்பது விட்டத்தோடு பார்த்தால் பப்படம் போல மெல்லிய தகடு. நின்றபடி கையால் தள்ளினால் தளதளக்கும். அதை விறைக்க வைப்பது சுற்றும் வேகம். விளிம்புதான் மிக வேகமாக ஓடுகிறது, அதனால் விளிம்பு சற்றே நீள்கிறது. இதை அறிந்த பழைய வாள் தச்சர்கள் வாளின் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டித் தட்டி முன்கூட்டியே கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள். குறித்த வேகம் வந்ததும் விளிம்பின் நீட்சியும் நடுவின் தளர்வும் சமமாகி, வாள் மட்டப்பலகை போல நிமிர்ந்து நிற்கும். அந்த வேகத்துக்குக் கீழே தளதளப்பு, மேலே போனால் வேறு விதமான ஆட்டம். வாளில் சுற்று எண் பொறித்திருந்தால் அதுவே வேதம்.

கணக்கு எளிது. ஓட்டும் கப்பியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்கி, ஓடும் கப்பியின் விட்டத்தால் பிரியுங்கள். எங்களுக்கு 540 × 26 ÷ 20, அதாவது 702 சுற்று. 42 அங்குல வாளின் சுற்றளவு 11 அடி. ஆகவே விளிம்பு நிமிடத்துக்கு 7,700 அடி ஓடுகிறது. பெரிய எஞ்சின் வைத்த ஆலைகள் 9,000, 10,000 அடி வரை போவதுண்டு. எங்கள் வாளுக்கும் எங்கள் வலுவுக்கும் இதுதான் பொருந்தியது. கப்பி மாற்றும்போது குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். அதிவேகத்தில் வாள் சிதறினால் ஓலைக் கொட்டில் மறைக்காது.

மரத்துக்குள் போனதும் வாள் பாம்பு போல வளைகிறதா? முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் இறங்கியிருந்தால் வேகம் இறங்கியிருக்கிறது, விறைப்பும் போயிருக்கிறது. வண்டிலைத் தள்ளாமல் நிறுத்துங்கள், வேகம் திரும்பட்டும். "தம்பி, வாள் பாட்டை நிப்பாட்டினா நீயும் நிப்பாட்டு" என்று பெரியப்பா சொல்வார்.

வெள்ளை உலோக பெயரிங்கை மாற்ற வேண்டுமா?

பழைய வாள்தண்டுகள் பல வெள்ளை உலோகம் வார்த்த இருக்கைகளில் ஓடுகின்றன. தகரம், அன்ரிமணி, செம்பு கலந்தது. மலிவானதில் ஈயமும் இருக்கும். தேய்ந்திருந்தால் பந்து பெயரிங் வாங்கிப் பூட்டுவதுதான் இலகுவான வழி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இருக்கை நல்லாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒயில் தவறாமல் கிடைத்தால் அது உங்களையும் தாண்டி ஓடும்.

நான் ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப வார்த்தேன். தண்டை மட்டம் பார்த்து அசையாமல் நிறுத்தி, உலோகம் ஒட்டாமலிருக்க விளக்குப் புகைக்கரி பிடிக்க வைத்து, இரும்பு இருக்கையைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். இடையில் நிறுத்தினால் படை படையாக உறையும். உலோகம் தயாரா என்று பார்க்க ஒரு ஈர்க்கிலை விட்டுப் பாருங்கள். ஈர்க்கில் கருகிப் பழுப்பாக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஒரேயொரு எச்சரிக்கை: இருக்கையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்துக்கு எறியும். மாரியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், ஈயப் புகை நல்லதல்ல.

தண்டவாளத்துக்கும் அத்திவாரத்துக்கும் என்ன போட்டீர்கள்?

யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் நாலு மண்வெட்டு வெட்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். கிணறு வெட்டுபவர் திட்டுவார், வாள் வைப்பவர் சந்தோசப்படலாம். நாங்கள் கல்லில் துளையிட்டு போல்ட்டைச் சீமெந்தில் நிறுத்தினோம். செம்மண் ஆழமான இடமென்றால் கொங்கிறீற் போட வேண்டும். மழைக்குச் செம்மண் இளகி ஒரு பக்கம் இறங்கினால் எல்லா அளவும் போய்விடும்.

தண்டவாளத்துக்குக் கோண இரும்பைக் கவிழ்த்துப் போட்டு, வண்டில் சில்லுகளில் அதற்கேற்ற தவாளிப்பு வெட்டினோம். மரத்தூள் இரு பக்கமும் வழிந்து விழுந்துவிடும், சில்லு தூக்காது. போர்க்காலத்தில் பாதையிலிருந்து கழன்று பதுங்குகுழிகளுக்குப் போன ரயில் தண்டவாளத் துண்டுகள் இன்னும் சில வளவுகளில் கிடக்கின்றன. ஆசைப்பட வேண்டாம். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014இல் திரும்ப வந்துவிட்டது, அந்தத் துண்டுகளுக்குச் சொந்தக்காரரும் இருக்கிறார்.

வாளும் தண்டவாளமும் முழுக்க ஒருபோக்காக இருக்கக் கூடாது என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். வாளின் முன்விளிம்பு மரத்தின் பக்கம் மிகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். 20 அடி ஓட்டத்துக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அப்போதுதான் வெட்டிய மரம் வாளின் பின்பாதியில் உரசாமல் விலகிப் போகும். நூல் கட்டி, வாளில் ஒரே பல்லை முன்னும் பின்னும் கொண்டுவந்து அளந்து பாருங்கள்.

வாள் சூடாகிறது. ஏன்?

கீழே விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரிசிக் குறுணல் போல இருந்தால் சரி. அரிசிமா போல இருந்தால் பிழை. மாவு போன்ற தூள் பல்லிடுக்கில் நில்லாமல் வாளுக்கும் மரத்துக்கும் நடுவில் வழிந்து உரசிச் சூடாக்கும். பல் மழுங்கியிருக்கலாம், அல்லது பயத்தில் வண்டிலை மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். வலு குறைந்த மெசினுக்குப் பல் குறைந்த வாள் நல்லது என்பதும் இதனால்தான். பல் குறைந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் கடிக்கப் போதிய மரம் கிடைக்கும்.

சூடு நடுவில் மட்டும் என்றால் முதலில் வாள்தண்டின் பெயரிங்கைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு தட்டு வழியாக வாளுக்கு ஏறும்.

வாளின் முன்பக்கத்தில், பல்லுக்குச் சற்று உள்ளே, இருபுறமும் வாளுக்கு வழிகாட்டும் இரண்டு மரமுளைகள் இருக்கும். அவை வாளைத் தொடக் கூடாது. ஒரு கடுதாசி போகும் இடைவெளி விட வேண்டும். தொடக்கத்தில் என் வாள் ஆடியபோது, தட்டைத் திருத்தாமல் முளைகளை இறுக்கி ஆட்டத்தை அடக்கப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் விளிம்பில் நீலம் பாய்ந்தது. அந்த வாள்தான் இப்போது கொட்டில் சுவரில் தொங்குவது.

கூர் தீட்டுவது எப்படி?

எங்களுடையது பல் வாளோடு ஒன்றாக வெட்டியது. செருகுபல் வாள் என்றால் மழுங்கிய பல்லைத் தட்டிக் கழற்றிப் புதிதைச் செருகலாம். ஆனால் இங்கே அந்தப் பல்லைத் தேடி அலைவதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். ஆகவே அரம்தான்.

எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் உயர்ந்தால் அது ஒன்றே வேலை செய்யும், மற்றவை சும்மா சுற்றும். பல்லின் முன்முகத்தை அராவுங்கள், முதுகை மட்டும் அராவிக் கூராக்கினால் பல் கட்டையாகிக்கொண்டே போகும். பல்லிடுக்கின் அடி எப்போதும் வளைவாக இருக்கட்டும். கூர் மூலை விட்டால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல் நுனியை இடமும் வலமும் சற்று வளைக்க வேண்டும், நுனியின் கால்பங்கை மட்டும். வாள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கத்து வளைவு கூடிவிட்டது அல்லது மற்றப் பக்கத்துப் பல் மழுங்கிவிட்டது.

பனை அரியலாமா?

அரியலாம், ஆனால் பல் அழும். பனையில் மணற்சத்து அதிகம், கூர் சீக்கிரம் போய்விடும். வேம்பில் ஒரு நாள் நிற்கும் கூர் பனையில் மத்தியானம் வரை நின்றால் பெரிது.

பனை மற்ற மரம் போலவும் அல்ல. வேம்பு, பலா என்றால் வயிரம் நடுவில் இருக்கும். பனைக்கு வயிரம் வெளியே, நடுவில் சோறு. அதனால் நடுவாக நாலாகப் பிளந்து, ஒவ்வொரு காலிலும் வெளிப்பக்கத்தைப் பிடித்துச் சட்டம் எடுக்க வேண்டும். நடுச் சோற்றில் தும்பு தும்பாக வரும் தூள் பல்லிடுக்கை அடைக்கும், அடிக்கடி நிறுத்தித் தட்டிவிடுங்கள். கையுறை இல்லாமல் தூக்க வேண்டாம், சிராம்பு ஏறினால் இரண்டு நாளைக்கு வேலையில்லை.

அந்தக் காலத்தில் பனையை ஆப்பு வைத்துப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கிக் கைமரமும் சிலாகையும் எடுத்தார்கள். பிளந்த சட்டத்தில் நார் நுனிவரை அறுபடாமல் ஓடும். வாளில் அரிந்ததில் நார் குறுக்கே வெட்டுப்படும். ஆகவே கூரைக்கு என்றால், பிளக்கத் தெரிந்த ஆள் அகப்பட்டால் அவரிடமே போங்கள். வேலை போகிறதே என்று நான் கவலைப்பட மாட்டேன், வாளுக்கும் நல்லது.

வேறு என்ன மரங்கள்?

வேம்பு நன்றாக அரிபடும், தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். பலா பச்சையாக வந்தால் பால் வாளில் ஒட்டிக் கறுக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். புளியின் வயிரத்துக்கு வாளைப் புதிதாகத் தீட்டிவிட்டு வாருங்கள். வன்னியிலிருந்து முதிரை வந்தால் சந்தோசம், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் தரும். நீளக் கை சட்டை போடுங்கள். பூவரசு அருமையான மரம், ஆனால் வேலியில் நின்ற பூவரசு என்றால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

மரத்துக்குள் இரும்பு இருந்தால்?

மற்ற ஊர் ஆலைக்காரர் ஆணியைத் தேடுவார்கள். நாங்கள் ஆணி, முள்ளுக்கம்பி, துணிக்கொடிக் கொக்கி, துப்பாக்கிச் சன்னம், செல் துண்டு எல்லாவற்றையும் தேட வேண்டும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை இந்த மண்ணில் நின்ற மரம் எதையும் நம்பக் கூடாது. மரம் காயத்தை மூடி, அதன் மேல் முப்பது வருடம் வளர்ந்துவிடும். வெளியே ஒரு தழும்பு கூடத் தெரியாது.

ஒரு மாமரம் அரிந்தபோது செல் துண்டு ஒன்றில் ஆறு பல் போனது. அன்று நான் வாளுக்கு நேரே நிற்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு கையில் பிடிக்கும் உலோகங்காட்டி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு மரத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்க்காமல் வண்டிலில் ஏற்றுவதில்லை. மரத்தின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். இரும்பு கிடந்தால் மரத்தின் துவர்ச்சத்தோடு சேர்ந்து நீலக் கறுப்பாகக் கறை படரும். வேலி மரமென்றால் அடி நாலு அடியைக் கழித்துவிடுவேன். சொந்தக்காரர் முகம் சுருங்கும், பரவாயில்லை.

துண்டு அல்லாமல் முழுசாக ஏதும் தெரிந்தால் தட்டிப் பார்க்காதீர்கள். எல்லாரையும் விலக்கிவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

வேண்டும். பலாவும் பனையும் உங்கள் சொந்த வளவில் நின்றாலும் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருபவை. தறிக்கும் முன் கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மரத்தை றோட்டால் கொண்டுவர வழி அனுமதி தேவைப்படும் மரங்களும் உண்டு. அது வன பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலை. வாள் வைத்து மற்றவர் மரத்தை அரிவதானால் அந்தத் திணைக்களத்தில் ஆலையைப் பதிய வேண்டும், பிரதேச சபையிலும் கேட்க வேண்டும். கடுதாசி இல்லாத மரத்தை நான் இறக்க விடுவதில்லை. சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான், ஏற்கெனவே இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை.

என் மரத்தில் எத்தனை கன அடி தேறும்?

நாட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் பிரியுங்கள். வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் பிரியுங்கள். 60 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால்: 15 × 15 × 10 ÷ 144, அதாவது 15.6 கன அடி. இந்தக் கணக்கு உருளையின் உண்மையான கன அளவில் 78 வீதத்தைத்தான் காட்டும், சீவலுக்கும் பட்டைக்கும் முன்கூட்டியே கழித்தது மாதிரி.

ஆனாலும் அவ்வளவும் பலகையாக வராது. எங்கள் வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலத்தைத் தூளாக்குகிறது. நாலு வெட்டுக்கு ஓர் அங்குலப் பலகை போய்விட்டது. கோணல் மரமென்றால் இன்னும் மோசம்.

அப்படியென்றால் பட்டைவாள் மெசின் நல்லதல்லவா?

நாடா போல ஓடும் மெல்லிய பட்டைவாள் அந்தக் கால் அங்குலத்தில் பாதியைக் கூடத் தின்னாது. விலை உயர்ந்த முதிரையோ தேக்கோ கொண்டு வந்தால் நானே பட்டைவாள் இருக்கும் மரக்காலைக்கு அனுப்பிவிடுவேன். வட்டவாளின் சிறப்பு வேறு. இரண்டு கப்பியும் ஒரு அரமும் இருந்தால் ஓடும். மின்சாரம் வேண்டாம். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில் பெரியப்பாவின் வாள் கிடைத்த எரிபொருளில் ஓடியது.

டீசல் எவ்வளவு குடிக்கும்?

எங்களுடையது மணிக்கு 4 முதல் 5 லீற்றர். மழுங்கிய வாள் என்றால் அதற்கு மேல். 2022இல் டீசல் வரிசை நின்ற மாதங்களில் தார்பாலின் போட்டு மூடிவிட்டேன்.

ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான். மெசினை நிறுத்திய பிறகும் வாள் சில நிமிடம் சத்தமில்லாமல் சுற்றும். சத்தம் நின்றதும் கையை விடுபவர்கள்தான் விரலை இழக்கிறார்கள்.

வாளுக்குப் பின்னால் ஒரு பிளவுத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். அரிந்த மரம் திரும்ப நெருங்கி வாளைப் பிடித்தால், பின்னால் மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி முன்னே எறியும். பழைய ஆலைகள் பலவற்றில் அந்தத் தகட்டை யாரோ கழற்றி வைத்திருப்பார்கள். தேடிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாகச் செய்வியுங்கள். அதற்கு முன் ஒரு மரமும் அரிய வேண்டாம்.

சாரத்தோடு யாரும் கொட்டிலுக்குள் வரக் கூடாது. சால்வையும் வேண்டாம். ஐயா, பெரியவர் என்று பார்க்காமல் வெளியே கதிரை போட்டு உட்கார வைப்போம். பி.ரி.ஓ. தண்டுக்கு மூடி, பெல்ட்டைச் சுற்றி வேலி. யாரும் பெல்ட்டைத் தாண்டக் கூடாது. வாளின் தளத்துக்கு நேரே முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. வாளருகே கிடக்கும் சீவலை எடுக்க ஒரு தடி வைத்திருங்கள். 135இல் எஞ்சினை நிறுத்த இழுக்கும் பிடி ஒன்று உண்டு. அதில் கயிறு கட்டி வாள்காரரின் கைக்கெட்டும் தூணில் விட்டிருக்கிறேன். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. தனியாக ஒருபோதும் ஓட்டுவதில்லை.

தூளை என்ன செய்கிறீர்கள்?

கோழி வளர்ப்பவர்கள் பையோடு வந்து அள்ளிப் போகிறார்கள். முதிரைத் தூளை மட்டும் கொடுப்பதில்லை. மிச்சம் அம்மாவின் தூள் அடுப்புக்கு. நடுவில் போத்தலை வைத்துத் தூளை இறுக்கி, போத்தலை உருவிவிட்டுப் பற்றவைத்தால் ஒரு நேரச் சமையல் முடியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய அடுப்பு, காஸ் வந்த பிறகும் அம்மா விடவில்லை. கொட்டிலுக்குள் தூளைக் குவிய விடாதீர்கள். சூடான பெயரிங் ஒன்று போதும் இரவில் புகைந்து எரிய.

எப்போது வந்து பார்க்கலாம்?

புதனும் சனியும், காலை எட்டு மணிக்குப் பிறகு. அதற்கு முன் வாளைத் தீட்டுவேன், கதைக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறது, ஆகவே பரீட்சை முடியும் வரை மத்தியானத்தோடு நிறுத்திவிடுவோம். மரத்தோடு வருகிறீர்கள் என்றால் மண் போகக் கழுவிக்கொண்டு, கடுதாசியோடு வாருங்கள். சாரம் வேண்டாம்.